ஆய்வு முறையியலைத் தனியாகக் கற்பது: காணொளிகள் முடிந்த பிறகு என்ன செய்வது?

வைகைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். திண்டுக்கல் மாவட்டத்தில் அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருக்கிறேன். அரசியல் அறிவியலில் முதுகலைப் பட்டத்தைத் தொலைநிலைக் கல்வியில் முடித்தேன். பணியில் இருந்தபடியே பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்ய எண்ணியிருப்பதால், அதற்கு முன் ஆய்வு முறையியலை உருப்படியாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று மாலை நேரங்களிலும் விடுமுறைகளிலும் இணையவழிப் பாடங்களைப் பார்த்து வருகிறேன். மத்திய அரசின் இணையப் பாடத் தளமான ஸ்வயத்தில் சமூக அறிவியல் ஆய்வு முறைகள் பற்றிய பாடம் ஒன்றின் காணொளிகளை முழுவதும் பார்த்துவிட்டேன். கருதுகோள் என்றால் என்ன, சார்ந்த மாறி எது, மாதிரியெடுப்பு எத்தனை வகைப்படும் என்று கேட்டால் சொல்லத் தெரிகிறது. கொள்குறி வினாக்களில் மதிப்பெண்ணும் வருகிறது. ஆனால் என் ஆய்வுக்கென்று ஒரு திட்டம் எழுத உட்கார்ந்தால் முதல் பத்தியைத் தாண்ட முடியவில்லை.

நான் எடுத்துக்கொள்ள விரும்பும் தலைப்பு, பெண் தலைவர்கள் உள்ள ஊராட்சிகளின் வளர்ச்சி. இரண்டு விஷயங்களில் உங்கள் கருத்து வேண்டும். அடுத்து நான் படிக்க வேண்டியது புள்ளியியலா, கள ஆய்வு முறைகளா? வகுப்பும் ஆசிரியரும் இல்லாமல் படிக்கும் ஒருவர், தான் சரியாகத்தான் கற்கிறோம் என்பதை எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

நிகழ்தகவு:

வைகைக்கரை அவர்களுக்கு வணக்கம். அடுத்த பாடத்தில் சேர்வதைச் சிறிது காலம் தள்ளி வையுங்கள் என்பதுதான் என் முதல் பதில். உங்களுக்கு இப்போது குறைவது பாடம் அன்று, கேள்வி. "பெண் தலைவர்கள் உள்ள ஊராட்சிகளின் வளர்ச்சி" என்பது தலைப்பு மட்டுமே. அதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ யாரும் பதில் சொல்ல முடியாது. வளர்ச்சி என்று நீங்கள் எண்ணுவது குடிநீர்க் குழாயையா, சாலையையா, கிராம சபையில் பெண்கள் எழுந்து பேசுவதையா? இதை முடிவு செய்யாதவரை புள்ளியியலும் உதவாது, நேர்காணலும் உதவாது.

உங்கள் தலைப்புக்கு மிக அருகில் உலகப் புகழ் பெற்ற ஆய்வு ஒன்று இருப்பது உங்கள் நல்வாய்ப்பு. ரகவேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டஃப்லோவும் மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்திலும் ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்திலுமாக 265 ஊராட்சிகளில் தரவு திரட்டி 2004இல் வெளியிட்ட கட்டுரை அது. அதை முடிவுக்காகப் படிக்காமல், ஒவ்வோர் அடியிலும் ஏன் அப்படிச் செய்தார்கள் என்று கேட்டபடி படித்தால், பல வாரக் காணொளிகள் தராத பயிற்சி கிடைக்கும். அவர்கள் வளர்ச்சி என்ற பொதுச்சொல்லை எடுத்துக்கொள்ளவே இல்லை. பெண்களும் ஆண்களும் ஊராட்சியிடம் எதைப் பற்றி முறையிடுகிறார்கள் என்பதை முதலில் பதிவு செய்தார்கள். இரண்டு மாநிலங்களிலும் பெண்கள் அதிகம் முறையிட்டது குடிநீரைப் பற்றி. சாலை விஷயத்தில் மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு தெரிந்தது. வங்கத்தில் பெண்களுக்கும் சாலையில் அக்கறை இருந்தது, ராஜஸ்தானில் அது பெரும்பாலும் ஆண்களின் கோரிக்கையாக இருந்தது. அதன் பிறகே, பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகள் எதில் செலவிட்டன என்று பார்த்தார்கள். குடிநீர்ப் பணி இரண்டிடங்களிலும் கூடியிருந்தது. சாலைப் பணி வங்கத்தில் கூடி, ராஜஸ்தானில் குறைந்திருந்தது. "பெண்கள் நல்ல தலைவர்கள்" என்ற பொத்தாம் பொதுவான முடிவுக்கும் இதற்கும் உள்ள தூரத்தைக் கவனியுங்கள்.

இன்னொன்றையும் அதில் கவனிக்க வேண்டும். அவர்கள் ஒப்பிட்டது பெண் தலைவர் உள்ள ஊராட்சியையும் ஆண் தலைவர் உள்ள ஊராட்சியையும் அன்று. பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதையும் ஒதுக்கப்படாததையும். பொதுத் தொகுதியில் நின்று வென்ற பெண் வசதி மிக்க குடும்பத்திலிருந்து வந்திருக்கலாம், அந்த ஊரே முன்பிருந்து முன்னேறிய ஊராக இருக்கலாம். அப்படியானால் நாம் காணும் வேறுபாடு தலைவரால் வந்ததா, ஊரால் வந்ததா என்று பிரிக்க முடியாது. ஒதுக்கீடு குலுக்கலைப் போல, ஊரின் தன்மையைப் பாராமல் அமைந்திருந்தால் இந்தச் சிக்கல் நீங்கும். தமிழ்நாட்டில் எந்த அடிப்படையில் ஒதுக்கினார்கள் என்பதை அரசாணையையும் விதிகளையும் எடுத்து நீங்களே படியுங்கள். மக்கள்தொகை விகிதத்தின் இறங்குவரிசையில் ஒதுக்கியிருந்தால் அது குலுக்கல் ஆகாது. ஒப்பீட்டை வேறு விதமாகத்தான் அமைக்க வேண்டியிருக்கும்.

ஐயப்பாடு:

நிகழ்தகவு அவர்கள் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் தனியாகக் கற்பதைப் பற்றிய மிகை நம்பிக்கை இந்த இழையில் பரவுவதற்கு முன் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய திறந்தநிலை இணையப் பாடங்களின் பதிவுகளை ஆராய்ந்து 2019இல் சயன்ஸ் இதழில் வந்த கட்டுரையின்படி, 2017-18இல் சேர்ந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 3 பேர்தான் பாடத்தை முடித்தார்கள். சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களிடையே அது ஏறத்தாழ 46. முடித்தவர்களும் கற்றது எதை? முறையியல் என்பது வாதத்தின் இலக்கணம். நீங்கள் ஒன்று சொல்ல, எதிரே இருப்பவர் "அது எப்படி?" என்று கேட்க, நீங்கள் திணற, அடுத்த வாரம் திருத்தி வர வேண்டும். கருத்தரங்க அறையில் நடக்கும் இந்த இழுபறியைக் கொள்குறி வினாவால் ஈடு செய்ய முடியாது. வைகைக்கரை அவர்கள் முதல் பத்தியில் நிற்பதற்கு அவருடைய திறமைக் குறைவு காரணமன்று; அவர் படித்த முறையில் அந்தப் பத்தியைக் கேள்வி கேட்க ஆளில்லை.

நிர்வாகச் செய்தி ஒன்று. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 ஒழுங்குமுறைப்படி முனைவர் பட்டத்தைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ வழங்க முடியாது. பகுதிநேரத்துக்கு இடமுண்டு; பணியிடத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். பதிவு செய்தபின் குறைந்தது 12 மதிப்பலகுகளுக்குப் (கிரெடிட்) பாடவேலையும் உண்டு, அதில் முறையியலும் ஆய்வு வெளியீட்டு நெறிமுறையும் வரும். ஆகவே இப்போது சேர்க்கும் சான்றிதழ்கள் பெரிதாக உதவும் என்ற எண்ணத்தில் பணத்தையும் உழைப்பையும் செலவிட வேண்டாம். கற்பதற்காகக் கற்றால் சரி.

களத்துமேடு:

தேர்தல் கருத்தாய்வுகளில் களப் பணியாளராகவும், பிறகு மேற்பார்வையாளராகவும் இருந்தவன் என்ற முறையில் மாதிரியெடுப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் காணொளிகளில் மிக எளிதாகத் தோன்றி களத்தில் மிக எளிதாகக் கெடுவது அதுதான்.

எல்லாப் பாடங்களிலும் 1936 அமெரிக்கத் தேர்தல் கதை வரும். லிட்டரரி டைஜஸ்ட் இதழ் ஒரு கோடிப் பேருக்கு வாக்குச் சீட்டை அஞ்சலில் அனுப்பி, திரும்பி வந்த 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகளை எண்ணி, ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் வெல்வார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். தொலைபேசியும் கார்களும் வைத்திருந்தவர்களின் பட்டியல்களிலிருந்து முகவரி எடுத்ததுதான் பிழை என்று பாடம் அத்துடன் நிறுத்திக்கொள்ளும். ஆனால் அனுப்பியதில் கால்பங்குச் சீட்டுகளே திரும்பின என்பதும் அதே அளவுக்கு முக்கியம். மாற்றத்தை விரும்பியவர்கள் ஊக்கத்தோடு அனுப்பினார்கள், மற்றவர்கள் அனுப்பவில்லை. இன்று நம் ஊரில் கூகுள் படிவத்தை வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பி, நானூறு பேர் நிரப்பினார்கள் என்று அட்டவணை போடும் ஆய்வேடுகளில் நடப்பது அச்சு அசல் இதுதான்.

எளிய சமவாய்ப்பு முறையில் 1000 பேரை எடுத்தால் பிழை வரம்பு ஏறத்தாழ 3 சதவீதப் புள்ளிகள். அதைப் பாதியாகக் குறைக்க 4000 பேர் வேண்டும். இந்தக் கணக்கைப் பாடமே கற்றுத்தரும். கணக்குக்குள் வராத பிழைகளைத்தான் களம் காட்டும். தேர்தல் கருத்தாய்வு நடத்தும் லோக்நிதி போன்ற அமைப்புகள் வாக்காளர் பட்டியலிலிருந்து சீரான இடைவெளியில் பெயர்களை எடுத்துக்கொடுத்து, அந்தப் பெயருக்குரியவரையே பார்க்க வேண்டும் என்று வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. பணியாளரின் விருப்பத்துக்கு விட்டால் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருக்கும் ஆண்களோடு படிவம் நிரம்பிவிடும். மதிய வேளையில் வீட்டுக் கதவைத் தட்டினால் நூறு நாள் வேலைக்குப் போன பெண்கள் கிடைக்க மாட்டார்கள். யாருக்கு வாக்களித்தீர்கள் என்ற கேள்விக்கு மாதிரி வாக்குச்சீட்டைக் கொடுத்துப் பெட்டியில் போடச் சொல்வதும், வீட்டில் மற்றவர்கள் நிற்கும்போது வாயால் சொல்லத் தயங்குகிறார்கள் என்பதால்தான்.

வைகைக்கரை அவர்களுக்கு ஒரு பயிற்சி. உங்களுக்கு அறிமுகமான ஒரு வாக்குச்சாவடியின் வாக்காளர் பட்டியலைத் தேர்தல் துறைத் தளத்திலிருந்து எடுங்கள். சமவாய்ப்பில் இருபது பெயர்களைத் தேர்ந்து, எதையும் கேட்காமல், அவர்கள் அந்த முகவரியில் இருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். இறந்தவர், திருப்பூருக்கு வேலைக்குப் போனவர், திருமணமாகிப் போனவர் என்று எத்தனை பேர் விடுபடுகிறார்கள் என்பதைக் குறித்தால், மாதிரிச் சட்டகம், அதாவது மாதிரியை எடுக்கும் மூலப் பட்டியல், என்ற பாடம் மறக்காது.

நிகழ்தகவு:

ஐயப்பாடு அவர்கள் எழுப்பிய கேள்விக்கு, அதாவது திருத்துவதற்கு ஆளில்லை என்பதற்கு, ஒரு பதில் இருக்கிறது. வெளிவந்த ஆய்வை அதே தரவைக் கொண்டு மீண்டும் செய்து பார்ப்பது. அரசியல் அறிவியலின் முதன்மை இதழ்கள் பலவும் கட்டுரையோடு தரவையும் கணக்கிட்ட நிரல்களையும் பொதுவில் வைக்கச் சொல்கின்றன. ஹார்வர்டு டேட்டாவர்ஸ் களஞ்சியத்தில் அவற்றை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கட்டுரையின் அட்டவணையை மூடி வைத்துவிட்டு, தரவை மட்டும் எடுத்து, முறையைப் பற்றிய பகுதியைப் படித்து அதே எண்ணைக் கொண்டுவர முயலுங்கள். வரவில்லையென்றால் எங்கே பிரிந்தீர்கள் என்று தேட வேண்டும். எதிர்பாராத இடங்களில்தான் பிரிவு இருக்கும்: விடுபட்ட மதிப்புகளை அவர்கள் நீக்கியிருப்பார்கள், நீங்கள் பூஜ்யம் என்று எடுத்திருப்பீர்கள், அவர்கள் ஊராட்சியை அலகாகக் கொண்டிருப்பார்கள், நீங்கள் கிராமத்தை எடுத்திருப்பீர்கள். விடைத்தாளோடு கூடிய கேள்வித்தாள் என்று இதற்கு மேல் எதைச் சொல்வது?

இந்தப் பழக்கத்தின் வலிமைக்குச் சான்று, ஓரினத் திருமணம் குறித்த வாக்காளர் மனமாற்றத்தைப் பற்றி 2014இல் சயன்ஸ் இதழில் வந்து பெரும் புகழ் பெற்ற கட்டுரை. அதே முறையில் தொடர் ஆய்வு செய்ய முயன்ற புரூக்மன், கல்லா ஆகிய இருவருக்கும் எண்கள் பொருந்தவில்லை. பீட்டர் அரோனோவும் சேர்ந்து தோண்டியதில் கருத்தாய்வுத் தரவே நம்பத்தக்கதன்று என்று தெரிந்து, 2015இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. முயன்ற இருவரும் அப்போது தொழில்வாழ்வின் தொடக்கத்தில் இருந்த இளைஞர்கள்.

மென்பொருளுக்கு 'ஆர்' போதும். விலையில்லை, பழைய மடிக்கணினியிலும் ஓடும். டஃப்லோவும் சாரா எல்லிசனும் இணையவழியில் நடத்தும் சமூக அறிவியலாளர்களுக்கான தரவுப் பகுப்பாய்வுப் பாடமும் 'ஆர்' வழியில்தான் போகிறது. ஆனால் நிகழ்தகவுக் கணிதத்தை விட்டுப் பல ஆண்டுகள் ஆனவருக்கு அதன் முதல் பகுதியே கடினமாக இருக்கும். அதை முதலிலிருந்து கடைசி வரை பார்க்காமல், உங்கள் கேள்விக்குத் தேவைப்படும் பகுதிகளை எடுத்துப் பார்க்கலாம்.

தரவைச் சேர்த்துப் பழக நம்மூர்த் தேர்தல் முடிவுகளே நல்ல களம். அசோகா பல்கலைக்கழகத்தின் திரிவேதி மையம் 1962 முதலான முடிவுகளை ஒழுங்குபடுத்தித் தந்திருக்கிறது. 2006, 2011 தமிழகச் சட்டமன்ற முடிவுகளைத் தொகுதிப் பெயரை வைத்து இணைத்துப் பாருங்கள். கணினி தடையின்றி இணைத்துவிடும். ஆனால் இடையில் 2008இல் தொகுதி மறுசீரமைப்பு நடைமுறைக்கு வந்து எல்லைகள் மாறிவிட்டன. பெயர் ஒன்று, வாக்காளர்கள் வேறு. அந்த இணைப்பிலிருந்து ஒரு கட்சியின் வாக்கு இத்தனை புள்ளிகள் சரிந்தது என்று எழுதினால் அது பொருளற்ற எண். 2016 முடிவிலும் இதுபோல ஒரு பொறி இருக்கிறது. அ.தி.மு.க. சுமார் 41 சதவீதம், தி.மு.க. சுமார் 32 சதவீதம் என்று பார்த்ததும் ஒன்பது புள்ளி இடைவெளி என்று தோன்றும். முதலாவது தன் சின்னத்தில் எல்லாத் தொகுதிகளிலும் நின்றது. மற்றது காங்கிரசுக்கு மட்டுமே 41 இடங்களை விட்டுக்கொடுத்திருந்தது. கூட்டணிகளை ஒப்பிட்டால் இடைவெளி ஒரு புள்ளியளவுக்குச் சுருங்கிவிடும்.

வன்னிக்காற்று:

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். இலங்கையின் வடக்கில் இருந்து எழுதுகிறேன். நானும் பல்கலைக்கழகக் கற்கைநெறிக்கு வெளியே இணையத்தின் மூலமே முறையியலைப் படித்து வருபவள். எண்களைக் கையாளும் முறைகளுக்கே இங்கு எல்லோரும் முதலிடம் கொடுத்திருப்பதால், அதன் எல்லையைக் காட்டும் எங்களுடைய உதாரணம் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

2005 சனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் வாக்களிப்பு நூற்றுக்கு 1.2 என்ற அளவில் இருந்தது. நாடு முழுவதுக்குமான தரவுக் கோப்பில் அது ஓர் எண் மட்டுமே. அதைப் பின்னடைவுப் பகுப்பாய்வு (ரிக்ரஷன்) என்ற புள்ளிவிபரக் கணக்கீட்டுக்குள் இட்டால், வாக்களிப்பில் அக்கறையற்ற மாவட்டம் என்று கணினி எடுத்துக்கொள்ளும். விடுதலைப் புலிகள் விதித்த பகிஷ்கரிப்பும் அதன் கீழ் மக்கள் இருந்த நிலையும் தெரியாதவருக்கு அந்த எண் தவறான கதையையே சொல்லும். மகிந்த ராஜபக்ச 50.29 வீதம் பெற்று வென்ற தேர்தல் அது. அந்த ஓர் எண்ணின் பின்னால் இருப்பதை அறியாமல் தேர்தல் முடிவையே விளங்கிக்கொள்ள முடியாது. குடிசன மதிப்பீட்டிலும் இதே பிரச்சினை உண்டு. 2001 கணக்கெடுப்பு 25 மாவட்டங்களில் 18இல் மட்டுமே முழுமையாக நடந்தது. 1981க்குப் பின் நாடு முழுவதையும் எண்ணியது 2012இல்தான். விடுபட்ட தரவை நீக்கிவிட்டுக் கணக்கிடுங்கள் என்று பாடம் சொல்லுகின்றபோது, எங்களுக்கு நீங்குவது போர் நடந்த மாவட்டங்கள் அனைத்தும்.

ஆகவே நேர்காணலையும் ஆவண வாசிப்பையும் புள்ளிவிபரவியலுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைக்க வேண்டாம். ஒரு பெண் தலைவியின் ஊராட்சியில் முடிவெடுப்பது அவரா அவருடைய கணவரா என்பதை எந்தச் செலவுக் கணக்கும் சொல்லாது. ஒரு குறிப்பிட்ட தீர்மானம் யார் முன்மொழிந்து, யார் எதிர்த்து, எப்படி நிறைவேறியது என்று அடியடியாகப் பின்தொடர்ந்தால்தான் தெரியும். நேர்காணலுக்குச் சம்மதம் பெறுவது எப்படி, பெயரை எப்படி மறைப்பது என்ற நெறிமுறைப் பகுதியை இணையப் பாடங்களில் பலர் தாண்டிப் போகிறார்கள். சிறிய ஊரில் "மூன்றாம் வார்டுப் பெண் உறுப்பினர்" என்று எழுதினாலே பெயரை எழுதியது போலத்தான்.

களத்துமேடு:

வன்னிக்காற்று அம்மா சொன்ன கடைசி வரியை வழிமொழிகிறேன். எங்கள் பணியாளர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

வைகைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. இழையைப் படித்தபின், சட்டோபாத்யாய்–டஃப்லோ கட்டுரையையும் படித்துவிட்டு, கேள்வியை மாற்றி எழுதியிருக்கிறேன்.

2021 நிலவரப்படி தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகள். 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. புதிதாகப் பிரிக்கப்பட்ட மாவட்டங்களும் அவற்றின் தாய் மாவட்டங்களுமான ஒன்பதில் 2021 அக்டோபரில்தான் நடந்தது. ஆகவே 27 மாவட்டங்களில் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 உடன் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். ஒன்பது மாவட்டங்களில் அதன் பிறகும் தலைவர்கள் பதவியில் தொடர்ந்தார்கள். கிராம சபை மட்டும் இரு பகுதிகளிலும் நடக்கிறது. என் கேள்வி: தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாமற்போனதும் கிராம சபையில் பெண்களின் பங்கேற்பு குறைந்ததா? பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்த ஊராட்சிகளில் அந்தக் குறைவு கூடுதலாக இருந்ததா? ஒன்பது மாவட்டங்களையும் 27 மாவட்டங்களையும் ஜனவரிக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டால் விடை கிடைக்கும் என்று எண்ணுகிறேன். இது சரியான போக்குத்தானா?

நிகழ்தகவு:

இந்த இழையின் தொடக்கத்தில் இருந்த தலைப்பையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து மகிழ்ந்தேன். நீங்கள் விவரித்திருப்பது இரட்டை வேறுபாட்டு முறை என்று பாடங்களில் வரும். இனி அந்தப் பகுதியைத் தேடிப் பார்த்தால் ஒவ்வொரு நிமிடமும் பயனுள்ளதாக இருக்கும், ஏனெனில் எதற்காகப் பார்க்கிறோம் என்பது தெரியும்.

கவனிக்க வேண்டியவை சில. தலைவர்கள் தொடர்ந்திருந்தால் 27 மாவட்டங்களிலும் பங்கேற்பு மற்ற ஒன்பதைப் போலவே ஏறியோ இறங்கியோ இருக்கும் என்ற எடுகோளின் மேல்தான் முழு ஒப்பீடும் நிற்கிறது. ஒன்பது மாவட்டங்கள் குலுக்கலில் தேர்வானவை அல்ல; பிரிப்பினால் தேர்தல் தள்ளிப்போனவை. ஆகவே 2022 முதல் 2024 வரையிலான கிராம சபைகளில் இரு பகுதிகளின் போக்கும் இணையாக இருந்ததா என்று முதலில் காட்ட வேண்டும். ஆண்டுக்கு ஆறு கிராம சபை நாட்கள் இருப்பதால் அதற்குப் போதிய புள்ளிகள் கிடைக்கும்.

பெரிய பொறி இன்னொன்று. ஆயிரக்கணக்கான ஊராட்சிகள் இருக்கின்றன என்று நிம்மதி அடையாதீர்கள். தலைவர் உண்டா இல்லையா என்பது மாவட்டம் மாவட்டமாகத்தான் மாறியது. ஒரே மாவட்டத்து ஊராட்சிகள் ஒரே ஆட்சியரின் கீழ், ஒரே சுற்றறிக்கையின் கீழ் இயங்குகின்றன. அவை தனித்தனிச் சான்றுகள் ஆகா. உண்மையில் உங்களிடம் இருப்பவை 36 அலகுகள், அவற்றிலும் ஒரு பக்கம் ஒன்பதுதான். பிழை அளவைக் கணக்கிடும்போது மாவட்டத்தைக் கொத்தாகக் கொள்ளாவிட்டால், இல்லாத துல்லியம் இருப்பது போலத் தோன்றும்.

ஐயப்பாடு:

36 மாவட்டங்களுக்கும் ஒரு பள்ளி ஆசிரியர் மாலை நேரத்தில் தரவு திரட்டப்போகிறாரா? சுருக்குங்கள். தென்காசி மாவட்டத்தின் வடக்கு எல்லையில் விருதுநகர் மாவட்டம். 2025 ஜனவரிக்குப் பிறகும் முன்னதில் தலைவர்கள் இருந்தார்கள், பின்னதில் இல்லை. எல்லையின் இருபுறமும் ஒரே பயிர், ஒரே பேச்சு, ஒரே சந்தை. இராஜபாளையம் பக்கத்திலும் சிவகிரி பக்கத்திலும் சில பத்து ஊராட்சிகளை எடுத்தால் உங்களால் முடிக்க முடியும். அந்த அளவுக்குப் புள்ளியியல் முடிவு வலுவாக இராது. ஆனால் நேரில் போய்ப் பேசலாம், வன்னிக்காற்று அவர்கள் சொன்ன அடியடியான பின்தொடர்தலுக்கும் இடமிருக்கும். மாநிலம் முழுவதற்கும் செய்வதைப் பதிவு செய்தபின் நெறியாளரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

தரவைத் தொடுவதற்கு முன் ஒரே பக்கத்தில் எழுதி வையுங்கள்: என்ன எதிர்பார்க்கிறீர்கள், எந்த எண் வந்தால் உங்கள் எதிர்பார்ப்பு தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள். அந்தப் பக்கத்தை இங்கே பதிவிட்டால் நான் முடிந்த மட்டும் கிழித்துத் தருகிறேன். கருத்தரங்க அறைக்கு இணையாகாது என்ற என் கருத்தில் மாற்றமில்லை, ஆனால் கிழிக்க ஆள் இல்லாத நிலையை விட இது மேல்.

வைகைக்கரை:

எல்லை ஊராட்சிகள் என்ற யோசனை எனக்கு மிகவும் பொருந்துகிறது. ஒரு பக்கத்தை எழுதி இங்கேயே இடுகிறேன். அதற்கு முன் களத்துமேடு அவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கிராம சபை வருகைப் பதிவேட்டைப் பெறுவது எப்படி? அதில் உள்ள கையெழுத்துகளை நம்பலாமா?

களத்துமேடு:

பெறுவது கடினமன்று. முதலில் ஊராட்சிச் செயலரிடமோ வட்டார வளர்ச்சி அலுவலகத்திலோ நேரில் கேளுங்கள். ஆசிரியர் என்றால் பெரும்பாலும் உட்கார வைத்துக் காட்டுவார்கள். கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு கொடுக்கலாம், 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். நீங்கள் அரசு ஊழியர் என்பதால், எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதைத் தலைமையாசிரியருக்குத் தெரிவித்துவிட்டுச் செய்வது நல்லது.

நம்பலாமா என்ற கேள்விதான் சிக்கல். கிராம சபைக்குக் குறைவெண் வரம்பு (கோரம்) உண்டு, அதாவது குறைந்தது இத்தனை பேர் வர வேண்டும். மக்கள்தொகை 500 வரை இருந்தால் 50 பேர், 501 முதல் 3000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். கூட்டம் சேராத இடத்தில் நூறு நாள் வேலைத் தளத்திலிருந்து ஆட்களை அழைத்து வந்து கையெழுத்து வாங்குவதையும், பிறகு வீட்டுக்கே பதிவேட்டைக் கொண்டுபோவதையும் நான் பார்த்திருக்கிறேன். அந்த வேலைத் தளத்தில் பெண்களே அதிகம் என்பதால், உங்கள் பதிவேட்டில் பெண்களின் பங்கேற்பு உயர்ந்து தெரியும்.

ஆகவே எல்லா ஊராட்சிகளின் வருகை எண்ணிக்கையையும் முதலில் ஒரு வரைபடமாகப் போடுங்கள். எண்கள் சீராகப் பரவாமல் 100ஐயும் 200ஐயும் தொட்டவுடன் குவிந்து கிடந்தால், அந்தப் பதிவேடு எத்தனை பேர் வந்தார்கள் என்பதைச் சொல்லவில்லை. வரம்பை எட்டியாயிற்று என்பதை மட்டும் சொல்கிறது. அப்போது கையெழுத்தை விட்டுவிட்டுத் தீர்மானப் பதிவேட்டுக்குப் போங்கள். எந்தத் தீர்மானம் யார் கோரிக்கையில் வந்தது என்று எழுதியிருக்கும் ஊராட்சிகள் உண்டு, எழுதாதவையும் உண்டு. எல்லையின் இருபுறமும் எழுதியிருக்கும் ஊராட்சிகள் எத்தனை என்பதை இரண்டு சனிக்கிழமைகளில் பார்த்துவிட்டு வந்தீர்களானால், மாதிரியில் எவற்றைச் சேர்ப்பது என்று பேசலாம்.